பியாஃப்ராவுக்கு பிரான்ஸ் ஆயுதம் கொடுத்தது எண்ணெய்க்காகவா?

நீங்கள் கேட்டது இரண்டு வரிதான், ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன பியாஃப்ராவுக்கு பிரான்ஸ் ரகசியமாக ஆயுதம் கொடுத்தது உண்மையா? கொடுத்தது எண்ணெய்க்காகத்தானா? அவ்வளவு தூரம் போனவர்கள் ஏன் கடைசிவரை அந்த நாட்டை அங்கீகரிக்கவில்லை? கூடவே, போர் முடிந்தபின் நைஜீரியா பிரான்ஸை என்ன செய்தது என்று கொசுறாக ஒன்றும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு, எண்ணெயும் கணக்கில் இருந்தது, ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது முதல் காரணமாக நிற்காது. மூன்றாவதுதான் நல்ல கேள்வி. அங்கீகரிக்காமல் இருந்ததே அந்த உதவியின் முறை என்பது என் கருத்து.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் நம்மூர் ஆசிரியர்கள் பலரும் நைஜீரியாவுக்கு வேலைக்குப் போனார்கள். நானும் போய், முன்பு பியாஃப்ராவாக இருந்த கிழக்குப் பகுதியில் ஓவெரி பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தினேன். அப்புறம் ஊர் திரும்பி, கல்லூரியில் ஆப்பிரிக்க அரசியல் வரலாறு எடுத்தேன். பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்பு புரட்டியவன் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்புகள், வெளியான பிரிட்டிஷ், அமெரிக்க ஆவணங்களை வைத்து ஆய்வாளர்கள் எழுதியவை, அங்கே உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னவை, இவ்வளவுதான் என் கையிருப்பு. அந்த அளவுக்குள் படியுங்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1966-இல் நைஜீரியாவில் ஜனவரியில் ஒரு ராணுவப் புரட்சி, ஜூலையில் எதிர்ப்புரட்சி. அந்த ஆண்டு வடக்கே வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் கிழக்கே சொந்த ஊர்களுக்கு ஓடிவந்தார்கள். 1967 ஜனவரியில் கானாவின் அபுரியில் நடந்த சமரசப் பேச்சுக்கு இரு தரப்பும் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். மே 27 அன்று கூட்டாட்சித் தலைவர் கோவன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்தார். இதனால் எண்ணெய் வயல்களின் பெரும்பகுதி இக்போ மையப் பகுதியிலிருந்து நிர்வாக ரீதியில் வெட்டப்பட்டது. மூன்று நாள் கழித்து, மே 30 அன்று, கிழக்குப் பகுதி ஆளுநர் ஒஜுக்வு பியாஃப்ரா குடியரசை அறிவித்தார். ஜூலை 6-இல் போர் தொடங்கியது.

பிரெஞ்சு உதவி என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு கட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதல் ஆண்டில் நடந்தது பெரும்பாலும் சந்தை வியாபாரம். பிரெஞ்சு விமானப்படை கழித்துப்போட்ட பழைய பி-26 குண்டுவீச்சு விமானம் தரகர்கள் கைமாறி பியாஃப்ராவுக்கு வந்து சேர்ந்தது. அதை ஓட்டியவர் யான் சும்பாக், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைக் காத்த போலந்து விமானிகளில் ஒருவர். பியாஃப்ராவில் அவர் பெயர் ஜான் பிரவுன். அதற்கு முன் காங்கோவிலிருந்து பிரிந்த கட்டாங்காவுக்காகவும் பறந்தவர். 1967 கடைசியில் ரோஜே ஃபோல்க் என்ற முன்னாள் பிரெஞ்சு அதிகாரி கூலிப்படையோடு வந்தார். இவரும் கட்டாங்கா ஆசாமி. கலபார் பக்கம் அடி வாங்கியதும் அவர் குழுவில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். தங்கிய சிலரில் முக்கியமானவர் ரோல்ஃப் ஸ்டைனர், வெளிநாட்டவர் சேரும் பிரெஞ்சு அந்நியப் படையில் இருந்த ஜெர்மானியர். அவரையும் 1968 டிசம்பரில் பியாஃப்ராவே வெளியேற்றியது. இந்தக் கட்டத்தில் பிரெஞ்சு அரசின் பங்கு என்ன? கண்ணை மூடிக்கொண்டது என்பது நிச்சயம். கட்டளையிட்டு அனுப்பியது என்பதற்கு, நான் பார்த்த வரையில், ஊகம்தான் அதிகம், ஆதாரம் குறைவு.

1968 கோடையில் காட்சி மாறுகிறது. மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் விழுந்தது, அதோடு பியாஃப்ராவுக்குக் கடலே இல்லாமல் போயிற்று. முற்றுகைக்குள் பசி. வயிறு வீங்கி, முடி செம்பட்டையாகிப்போன குழந்தைகளின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வரத் தொடங்கின. ஜூனில் பிரான்ஸ் இரு தரப்புக்கும் ஆயுதத் தடை என்று அறிவித்தது. ஜூலை 31 அன்று பிரெஞ்சு அமைச்சரவை, இந்தப் பிரச்சினை மக்களின் சுயநிர்ணய உரிமை அடிப்படையில் தீர வேண்டும் என்று அறிக்கை விட்டது. செப்டம்பர் 9 அன்று அதிபர் தெ கோல் பத்திரிகையாளர் கூட்டத்தில் இன்னும் ஒரு படி போனார். பெரும்பாலும் கிறிஸ்தவர்களான, தனி மொழி கொண்ட இக்போ மக்கள் ஏன் இன்னோர் இனத்தின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டார். தன்னால் முடிந்த அளவு பிரான்ஸ் பியாஃப்ராவுக்கு உதவியிருக்கிறது என்றும், தீர்மானகரமான காரியமான அங்கீகாரத்தை மட்டும் செய்யவில்லை என்றும் அவரே சொன்னார். ஆயுதத் தடை காகிதத்தில் அப்படியே இருந்தது. அதே வாரங்களில்தான் பிரெஞ்சு ஆயுதங்கள் பெருமளவில் வந்து இறங்க ஆரம்பித்தன.

வழி எப்படி என்பது இன்று ஏறக்குறைய முழுசாகத் தெரியும், ஏனென்றால் செய்தவர்களே பின்னாளில் சொல்லிவிட்டார்கள். பாரிஸில் இதன் மையம் ஜாக் ஃபொக்கார், தெ கோலின் ஆப்பிரிக்க விவகாரச் செயலாளர். வெளியுறவு அமைச்சகத்தைச் சுற்றிக்கொண்டு அதிபரோடு நேரடியாகப் பேசுகிறவர். களத்தில் அவருடைய ஆள் ஜான் மொரிஷோ-போப்ரே. அபிஜானில் ஐவரி கோஸ்ட் அதிபர் ஊஃபுவே-புவாஞி, லிப்ரவில்லில் காபோன் அதிபர் போங்கோ, அவர் பக்கத்திலேயே பிரெஞ்சுத் தூதர் மொரிஸ் தெலோனே. ஏற்பாடு எளிமையானது. ஐவரி கோஸ்டும் காபோனும் பிரெஞ்சு ஆயுதம் வைத்திருக்கும் நட்பு நாடுகள். அவர்கள் தங்கள் கிடங்கிலிருந்து பியாஃப்ராவுக்குக் கொடுப்பார்கள். குறைந்ததை பிரான்ஸ் நிரப்பிவிடும். அந்த இரு நாடுகளுக்கும் ஆயுதம் அனுப்புவது வழக்கமான ராணுவ ஒத்துழைப்புதானே, அதில் யார் குற்றம் சொல்ல முடியும்? இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மன், இத்தாலியத் துப்பாக்கிகளை வரிசை எண்ணை அழித்து இதே சரக்கோடு சேர்த்து அனுப்பினார்கள் என்றும் எழுதுகிறார்கள். நம்பத்தக்க செய்திதான். மொத்தம் எத்தனை டன் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கணக்கு. அந்த எண்களை நான் வகுப்பில் ஒருபோதும் கரும்பலகையில் எழுதியதில்லை.

இறங்கிய இடம் உலி. ஓவெரியிலிருந்து இஹியாலா போகும் நெடுஞ்சாலையில் நேராக இருந்த ஒரு துண்டை அகலப்படுத்தி ஓடுதளம் ஆக்கியிருந்தார்கள். 'அன்னபெல்' என்று அதற்கு ஒரு மறைபெயர். பகலில் பனை ஓலையும் தழையும் போட்டு மூடிவிடுவார்கள். இருட்டியபின்தான் வேலை. மேலே சுற்றும் விமானம் அடையாளம் சொன்னதும் விளக்குகள் சற்று நேரம் எரியும். சக்கரம் தரையைத் தொட்டதும் அணைந்துவிடும். நைஜீரியத் தரப்பின் குண்டுவீச்சு விமானம் ஒன்று அதே இருட்டில் மேலே காத்துக்கொண்டிருக்கும். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர் போரின்போது பள்ளிப் பையன், உலியிலிருந்து சில மைல் தள்ளி ஊர். இரவில் விமானச் சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார்களாம். எந்தச் சத்தம் எந்த விமானம் என்று பையன்களுக்கு அத்துபடி. "எங்களுக்கு வேண்டியது உப்பு, சார். மீதி எதைக் கொண்டுவந்தாலும் பெரியவர்கள் பாடு" என்பார். முற்றுகையில் உப்பு விலை அப்படி எகிறியிருந்தது. நார்வேயிலிருந்து நிவாரணமாக வந்த உலர்ந்த மீன் இக்போ சமையலில் முன்பே இருந்ததுதான். அவர்கள் அதை ஒக்போரோக்கோ என்பார்கள். போரின் நினைவு அந்த மீனோடு கலந்துவிட்டது.

சிக்கலே இங்கேதான். நிவாரணம் வந்த அதே ஓடுதளத்தில், அதே இருட்டில், ஆயுதமும் வந்தது. போர்த்துகல் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து தேவாலயங்களின் கூட்டமைப்பு 5,000-க்கும் மேற்பட்ட தடவை விமானம் அனுப்பியது. காபோனிலிருந்து பிரெஞ்சு ஆதரவு விமானங்கள் வந்தன. பகலில் சோதனைக்குட்பட்டு நிவாரணம் வரட்டும் என்று லாகோஸ், அதாவது அன்றைய தலைநகரில் இருந்த நைஜீரியக் கூட்டாட்சி அரசு, சொன்னபோது ஒஜுக்வு சம்மதிக்கவில்லை. உணவில் விஷம் கலப்பார்கள், பகல் வழியைப் பயன்படுத்தி ராணுவம் உள்ளே வரும் என்பது அவர் சொன்ன காரணம். இரவில் நிவாரண விமானங்களின் கூட்டம் இருந்தால்தான் ஆயுத விமானத்துக்கு மறைவு என்பது அவர் சொல்லாத காரணம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். செஞ்சிலுவை முத்திரையோடு ஆயுதப் பெட்டிகளே போயின என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. லிப்ரவில் பாதையில் இரண்டும் கலந்ததற்கு நிறைய அறிகுறிகள் இருக்கின்றன. சாவோ தோமேயில் பறந்த தேவாலய விமானிகளையும் இதே பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. அவர்களில் பலர் உயிரைக் கொடுத்தார்கள்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும், லிப்ரவில் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்று அதில் தெரியும். ஸ்வீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபோன் ரோசன் 1968-இல் நிவாரண விமானம் ஓட்டியவர். பார்த்ததில் கொதித்துப்போய் 1969-இல் ஐந்து குட்டி விமானங்கள் வாங்கினார், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானங்கள். காபோனில் வைத்து அவற்றுக்குப் பச்சை வண்ணம் பூசி, இறக்கைக்கடியில் பிரெஞ்சு ராக்கெட்டுகளை மாட்டினார்கள். மே 22 அன்று அவை போர்ட் ஹார்கோர்ட் விமானத்தளத்தைத் தாக்கின. பிற்பாடு நைஜீரியாவின் எனுகு, பெனின் நகரத் தளங்கள். மரத்தின் உச்சியை உரசுகிற மாதிரி தாழப் பறந்ததால் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. ஒரு தனி மனிதரின் ஆத்திரம் என்று இதைச் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் ராக்கெட் தனி மனிதர்களுக்குக் கடையில் கிடைக்கிற பொருள் கிடையாதே.

இனி எண்ணெய். உங்கள் கேள்வியின் நடுவே இருப்பது இதுதான். கிழக்கு நைஜீரியாவில் பெரிய கை பிரிட்டன் தொடர்புள்ள ஷெல்-பிபி. பிரெஞ்சு அரசு நிறுவனத்தின் கிளையான சாஃப்ராப்புக்கும் அங்கே வயல்கள் இருந்தன, அளவில் சிறியவை. பியாஃப்ரா ஜெயித்தால் பிரிட்டனின் பங்கு பிரான்ஸுக்கு வரும் என்று பாரிஸில் யாரும் கணக்கு போடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பியாஃப்ரா தன் கனிம உரிமைகளை பாரிஸின் ஒரு பெரிய வங்கிக்கு எழுதிக்கொடுத்துவிட்டது என்று 1967-இலேயே ஒரு ஒப்பந்த நகல் சுற்றியது. அது அசலா, பிரச்சாரத்துக்காகத் தயாரித்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதை ஆதாரமாக வைத்து யாராவது பேசினால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முக்கியமான விஷயம் தேதி. எண்ணெய்தான் குறி என்றால், வயல்களும் துறைமுகமும் பியாஃப்ரா கையில் இருந்த 1967-இலேயே ஆயுதத்தைக் கொட்டியிருக்க வேண்டும். பிரான்ஸ் கொட்டியது 1968 செப்டம்பர், அக்டோபரில். அதற்குள் கடற்கரையும் பெரும்பாலான வயல்களும் லாகோஸ் கைக்குப் போய்விட்டன. ஆகஸ்டு, செப்டம்பரில் நைஜீரியா "இறுதித் தாக்குதல்" என்று அறிவித்து அபா, ஓவெரி என்று ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மீதமிருந்தது உள்நாட்டில் ஒரு சின்னத் திட்டு. தோற்றுக்கொண்டிருக்கிற, எண்ணெய் இல்லாத பக்கத்தில் பணம் போடுவதற்கு வேறு காரணங்கள் வேண்டும்.

அந்தக் காரணங்களில் முதலில் நான் வைப்பது நைஜீரியாவின் உருவத்தை. சுற்றிலும் டாஹோமே (இன்றைய பெனின் நாடு), நைஜர், சாட், கேமரூன் என்று பிரெஞ்சு பேசும் சிறு நாடுகள். நடுவே ஆங்கிலம் பேசும் பூதம். பாரிஸில் ஆப்பிரிக்க விவகாரத்தைக் கவனித்த ஃபொக்கார் வட்டாரத்துக்கு அது எப்போதும் ஒரு உறுத்தல். பழைய கணக்கும் ஒன்று உண்டு. சஹாராவில் பிரான்ஸ் அணுகுண்டு சோதனை நடத்தியதைக் கண்டித்து, 1961 ஜனவரியில் நைஜீரியா பிரெஞ்சுத் தூதரை வெளியேற்றி உறவை முறித்தது. சுதந்திரம் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இதைத் தெ கோல் மறந்திருப்பார் என்று நினைக்க இடமில்லை. இரண்டாவது ஊஃபுவே-புவாஞி. ஏதோ பாரிஸின் பொம்மை போல அவரை எழுதுவது வழக்கம். இந்த விஷயத்தில் இழுத்தவர் அவர், இழுபட்டது பாரிஸ் என்று ஃபொக்கார் பக்கத்துச் சாட்சியங்களைப் படித்தால் தோன்றுகிறது. லாகோஸுக்கு சோவியத் விமானங்கள் வந்தது அவருடைய கம்யூனிச பயத்தைக் கிளறியது. மூன்றாவது தெ கோலின் சொந்த மனப்போக்கு. ஒரு வருடம் முன்புதான் கனடாவில் நின்று "சுதந்திர கியூபெக் வாழ்க" என்று முழங்கியவர். ஆங்கிலேயர் கட்டிவைத்த கூட்டாட்சிகள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை.

பசிப் படங்களால் பிரெஞ்சுப் பொதுமக்கள் உருகியது நான்காவது. ஆனால் அந்த உருக்கத்திலும் அரசின் கை இருந்தது. பிரெஞ்சு உளவுத்துறையில் ஆப்பிரிக்கப் பிரிவை நடத்திய மொரிஸ் ரொபேர், பல ஆண்டு கழித்து இதை ஒளிக்காமல் சொன்னார். "இனப்படுகொலை" என்ற சொல்லைத் தாங்கள்தான் பத்திரிகைகளிடம் கொண்டுபோனதாகவும், மக்களை உலுக்கும் சொல் தேவைப்பட்டதாகவும் அவர் வாக்குமூலம். இதைக் கேட்டவுடன் பசியே நாடகம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1966 படுகொலைகள் நடந்தவை. முற்றுகையில் மக்கள் செத்தது நடந்தது. பத்து லட்சமோ அதற்கு மேலோ என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். உண்மையான துயரத்தை ஒரு உளவுத்துறை தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அங்கே போய்வந்த பிரெஞ்சு டாக்டர்கள் சிலர் பிற்பாடு 1971-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இந்த உளவுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, இவ்வளவும் செய்துவிட்டு ஏன் அங்கீகரிக்கவில்லை? பியாஃப்ராவை அங்கீகரித்த ஆப்பிரிக்க நாடுகள் மொத்தம் நான்கு: தான்சானியா, காபோன், ஐவரி கோஸ்ட், ஜாம்பியா, எல்லாம் 1968 ஏப்ரல், மே மாதங்களில். அடுத்த ஆண்டு ஹெய்ட்டி. பிரெஞ்சு நண்பர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக இல்லை. நைஜரின் ஹமானி தியோரி, கேமரூனின் அஹிஜோ இருவரும் நைஜீரியாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள், லாகோஸ் பக்கம் உறுதியாக நின்றார்கள். 1968 செப்டம்பரில் அல்ஜியர்ஸில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பில் 33 நாடுகள் ஒன்றுபட்ட நைஜீரியாவுக்கு வாக்களித்தன, 4 எதிர்த்தன. பிரான்ஸ் அங்கீகரித்திருந்தால் தன் குடும்பத்தையே இரண்டாக்கியிருக்கும். லாகோஸில் இருந்த பிரெஞ்சு வியாபாரம் போயிருக்கும். வெளியுறவு அமைச்சகம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கீகரித்த பிறகு தோற்கவிட முடியாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். படை அனுப்ப வேண்டி வரும். ஐவரி கோஸ்ட் கிடங்கு வழியாகப் போகும் துப்பாக்கிக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் குழாயை மூடிவிடலாம். ரகசியம் யாரிடமிருந்து என்று கேட்டுப் பாருங்கள். லாகோஸுக்குத் தெரியும், லண்டனுக்குத் தெரியும், பத்திரிகைகள் எழுதின. மறைத்தது எதிரியிடமிருந்து கிடையாது, பின்னால் வரக்கூடிய கடமையிலிருந்து.

பிரான்ஸ் மட்டும்தான் இதில் என்று நினைக்க வேண்டாம். போர்த்துகல் லிஸ்பனையும் சாவோ தோமேயையும் திறந்துவிட்டது. தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் கொரில்லாப் போரை எதிர்கொண்டிருந்த அதற்கு, மக்கள்தொகையில் கறுப்பின ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய நாடு உடைந்தால் சந்தோஷம். அன்று வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா, ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) கணக்கும் இதேதான். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் லாகோஸுக்கு வெளிப்படையாகவே ஆயுதம் விற்றன. பனிப்போரின் நடுவே அந்த இரண்டும் ஒரே பக்கம் நின்ற அபூர்வம் இது.

இந்த உதவி போரை நீட்டியதா? நீட்டியது என்றே நினைக்கிறேன். 1968 அக்டோபரில் விழுந்திருக்க வேண்டிய பியாஃப்ரா விழவில்லை, 1969 ஏப்ரலில் ஓவெரியைத் திரும்பப் பிடிக்கவும் செய்தது. ஜெயிக்கும் அளவுக்கு ஆயுதம் ஒருபோதும் வரவில்லை, பீரங்கியும் விமானமும் பெருமளவில் வரவில்லை. இதை வைத்து அந்த 15 மாதச் சாவுகளையும் பிரான்ஸ் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அங்கேதான் நான் நின்றுவிடுவேன். 1968-இல் சரணடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று பியாஃப்ராவுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாது. 1966-ஐப் பார்த்தவர்கள் அவர்கள். 1970-இல் கோவன் பழிவாங்காமல் விட்டார் என்பது நமக்குத் தெரிந்ததால், அவர்கள் பயம் வீண் என்று சொல்வது சுலபம். என் கணக்கு வாத்தியார் நண்பர் பிரான்ஸைத் திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். "கொஞ்சமாகக் கொடுத்தார்கள்" என்பார், அவ்வளவுதான்.

1969 ஏப்ரலில் தெ கோல் பதவி விலகினார். பாம்பிடு வந்தபின் உதவி நின்றுவிடவில்லை, ஆனால் உற்சாகம் குறைந்தது. 1970 ஜனவரி 11-இல் ஒஜுக்வு உலியிலிருந்தே விமானம் ஏறி ஐவரி கோஸ்ட் போய்ச் சேர்ந்தார். 15-ஆம் தேதி அவர் துணைத்தளபதி ஃபிலிப் எஃபியாங் லாகோஸில் முறைப்படி சரணடைந்தார். ஒஜுக்வு ஊஃபுவே-புவாஞியின் விருந்தாளியாக 1982 வரை இருந்து, மன்னிப்பு கிடைத்தபின்தான் ஊர் திரும்பினார்.

உங்கள் கொசுறுக் கேள்விக்கு வருகிறேன். நைஜீரியா பிரான்ஸோடு உறவை முறிக்கவில்லை. 1971-இல் சாஃப்ராப்பில் 35 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களில் அரசு பங்கு எடுத்த வரிசையில் இது ஆரம்பத்திலேயே நடந்ததை, பியாஃப்ராவுக்கான பதிலடி என்றே பலரும் படிக்கிறார்கள். அக்கம்பக்கத்து பிரெஞ்சு மொழி நாடுகளைத் தன்னோடு பொருளாதாரத்தில் கட்டிப்போட வேண்டும் என்ற பாடத்தையும் லாகோஸ் படித்தது. 1975-இல் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு உருவானபோது நைஜீரியா அவ்வளவு முனைந்ததற்கு அது ஒரு காரணம். மற்றபடி வியாபாரம் வியாபாரமாகவே நடந்தது. அதே எழுபதுகளில் பியூஜோ நிறுவனம் கடூனாவில் கார் தொழிற்சாலை போட்டது. நான் போன காலத்தில் ஓவெரி டாக்ஸி நிலையத்தில் நின்றவற்றில் பெரும்பாலானவை பியூஜோ 504-தான்.